படத்தில் இருந்த மிஷின்

குந்தாணி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்த அன்றைக்கே அதன் அர்த்தமும் கண்ணுக்குக் கிடைத்துவிட்டது. தண்ணீர் லாரி வரும் நாள். தெரு முழுக்க வாளிகள் வரிசை கட்டி நின்றன. முனையிலிருந்து யாரோ, "குந்தாணி வர்றா, குந்தாணி வர்றா" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். முட்டைக்காரி வாளியை அப்படியே போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். படபடப்பில் கதவை இழுத்துச் சாத்தினாள், பூட்டையும் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அவள் நின்றது கதவுக்கு வெளியே.

குந்தாணி நிதானமாக வந்தாள். கக்கத்தில் ஒரு சின்னப் பலகை. கையில், கல் பொறுக்குவதற்கு ஒரு தட்டுப் பருப்பு. பூட்டையும் பார்த்தாள், முட்டைக்காரியையும் பார்த்தாள்.

"ஏன்டி, நீ வெளியில நிக்கிற. அப்ப உள்ள யாரை வச்சுப் பூட்டியிருக்க? தவணையையா?"

தெருவே சிரித்தது. முட்டைக்காரியும் சிரித்தாள், பாவம், அழவா முடியும்? குந்தாணி மட்டும் சிரிக்கவில்லை. படியில் பலகையைப் போட்டாள், குந்தினாள், பருப்பைக் கிளறத் தொடங்கினாள். முட்டைக்காரி ஒன்றும் அவளுக்கு அந்நியம் இல்லை. குந்தாணியின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார், தறுதலை என்று பேரெடுத்தவர். அவருடைய இரண்டாந்தாரத்து மகள்தான் இவள். மாமன் மகள் முறை. அந்த முறைக்கெல்லாம் படியில் இடம் கிடையாது. அன்று சாயங்காலத்துக்குள், விற்காத முட்டைத் தட்டுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, குழுக் கடன் தவணையைக் கொண்டுவந்து கொடுத்தாள் முட்டைக்காரி. அதற்கப்புறம்தான் பலகை எழுந்தது.

குந்தாணி என்றால் பழைய காலத்துப் பெரிய உரல். போட்ட இடத்தில் கிடக்கும், அசைக்க நாலு பேர் வேண்டும். அவள் உடம்பு வாகும் அந்த மாதிரிதான் என்றாலும், பேர் வைத்தவர்கள் அவள் குந்துகிற அழகைப் பார்த்துத்தான் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைக் கடைசியாகக் கூப்பிட்டவன் அவள் புருஷன், அதுவும் வீட்டை விட்டுப் போகிற அன்றைக்கு.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அம்மா கண்மூடியபோது இவளுக்குப் பதிமூன்று வயது, தங்கைக்கு நாலு. அப்பாவின் அக்கா ஒருத்தி இருந்தாள். பத்தியத்துக்குக்கூட ஒரு வாய் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டாள். அந்த அத்தை வீட்டில் இவள் எச்சில் பாத்திரம் கழுவி, தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தாள். சின்னவளுக்குக் கால் தரையில் பட்டதைவிட அக்கா இடுப்பில் பட்டதுதான் அதிகம் என்பார்கள். பிறகு ஒரு விடுதியில் துணி துவைத்துக் காசு சேர்த்து, பழைய தையல் மிஷின் ஒன்று வாங்கினாள். மெத்தைக் கடைக்காரர் வெட்டின துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார், இவள் வீட்டில் உட்கார்ந்து தலையணை உறையாகத் தைத்துக் கொடுப்பாள். உறைக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாணமும் அந்த மிஷினைப் பார்த்துத்தான் நடந்தது. கட்டினவன் லாரிக் கிளீனர். இரண்டு வருஷம் கழித்து வேறொருத்தியோடு கிளம்பினான். கிளம்புகிறவன் கையை வீசிக்கொண்டு போயிருக்கலாம், மிஷினின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் குந்தினாள். வாசலை மறித்துக் குந்தி, அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்தான், திட்டினான், பேரைச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தான். கடைசியில் மிஷின் தலையைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் போனான். எழுந்திருக்காதவளுக்கு எதுவும் போகாது என்ற பாடத்தை அன்றைக்குக் கற்றாள். வேறு பாடம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிற்பாடு தெருவுக்குக் கடன் ஆபீஸ் வந்தது. அதை நடத்த வந்தவருக்குப் பெண்கள் வைத்த பேர் பவுடர் சார். வெயிலில் பைக்கில் வந்து இறங்கினால் முகத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்திருக்கும். அஞ்சு பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி வாங்கின கடனுக்கு மற்ற நாலு பேரும் பொறுப்பு. வாரா வாரம் கூட்டம். அஞ்சு பேர் தவணையும் முழுசாகச் சேரும்வரை ஒருத்தியும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அதுதான் சட்டம். சட்டத்தைக் கேட்டதும் குந்தாணிக்குத் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. தலைவியும் அவளே ஆனாள்.

அவள் குழுவில் முட்டைக்காரி, சோப்புக் காய்ச்சி விற்கும் சோப்புக்காரி, சோப்புக்காரியின் மருமகள், அப்புறம் குந்தாணியின் தங்கை சின்னவள். மருமகள் வாயே திறக்க மாட்டாள். மாமியார் பேசினால் அவள் பேசின கணக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது என்று சோப்புக்காரிதான் முதலில் கேட்டாள். பவுடர் சார் போனை எடுத்துக் காட்டினார். தூர தேசத்தில் ஜனங்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்ப்பார்களாம். இன்ன பெண், இன்ன தொழில், இவ்வளவு கடன் வேண்டும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்குமாம். பிடித்த முகத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்களாம். பத்துப் பேர், இருபது பேர் போட்டது ஒன்றாய்ச் சேர்ந்து, அங்கே ஒரு பெரிய ஆபீசுக்குப் போய், அங்கிருந்து இந்த ஆபீசுக்கு வருமாம்.

"யாரு எவருன்னே தெரியாம எதுக்கு சார் நமக்குக் காசு போடறாங்க?"

"நல்ல மனசும்மா. அவங்க வட்டிகூட வாங்க மாட்டாங்க. போட்டது திரும்பி வந்தாப் போதும்."

"அப்ப நாங்க கட்டற வட்டி?"

"அது ஆபீஸ் செலவு. வாடகை, சம்பளம் எல்லாம் இருக்குல்ல? என் பைக்குக்குப் பெட்ரோல் யாரு போடுவா?"

"அதானே. கடல் தாண்டி வந்த பணத்துக்குச் செலவு இல்ல. பக்கத்துத் தெருவுலேருந்து வர்ற உங்களுக்குத்தான் செலவு."

பாலாகப் புறப்பட்டது வந்து சேரும்போது மோராகியிருந்தது, மோருக்கும் விலை போட்டிருந்தார்கள். ஆனாலும் தெருமுனை வட்டிக்காரன் விற்றது வெறும் தண்ணீர். அதனால் மோர் பரவாயில்லை என்று எல்லாரும் வாங்கினார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. பணம் இங்கே முதலிலேயே கைக்கு வந்துவிடும். படம் அப்புறமாகத்தான் அங்கே போகும். அங்கே இருப்பவர்கள், 'இந்தப் பெண்ணுக்கு நாம் போட்டால்தான் உண்டு' என்று தவித்துக்கொண்டிருக்கும்போது, இங்கே அந்தப் பெண் மூன்றாவது தவணைக்கு முழித்துக்கொண்டிருப்பாள்.

சின்னவள் கதைக்கு வருவோம். அவள் புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். நல்லவன், கொஞ்சம் கூச்சக்காரன். பெண்டாட்டியின் அக்கா முன்னால் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டான். ஒருநாள் லாரியிலிருந்து மூட்டை சரிந்து முதுகில் விழுந்தது. முதுகெலும்பில் ஆபரேஷன் என்றார்கள். சின்னவள் அக்காவிடம் வந்து நின்றாள். குந்தாணி பவுடர் சாரிடம் போய் நின்றாள்.

"முதுகுக்கெல்லாம் ஆபீஸ் தராதுக்கா. தொழிலுக்குத்தான். படத்துல தொழில் தெரியணும்."

"தொழில்தானே தெரியணும்? வாங்க சார் வீட்டுக்கு."

தன் மிஷின் முன்னால் தங்கையை உட்கார வைத்தாள் குந்தாணி. அளவு டேப்பை எடுத்து அவள் கழுத்தில் போட்டாள். பாதி தைத்த தலையணை உறையை ஊசிக்குக் கீழே கொடுத்தாள். சின்னவளுக்கு மிஷின் மிதியில் எந்தக் கால் வைப்பது என்றுகூடத் தெரியாது.

"சிரிடி."

"எப்படிக்கா சிரிக்கிறது? அவரு அங்க ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"அவர் எழுந்திருக்கணும்னா நீ சிரிக்கணும். பல்லு தெரியட்டும்."

பல் தெரிந்தது. படம் எடுத்தாயிற்று. 'இந்தக் கடனில் வாங்கப்பட்ட மிஷின் இதுதான், நான் பார்த்தேன்' என்று தலைவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குந்தாணி கோணலாகப் போட்டாள். பணம் அன்றைக்கே கிடைத்தது. படம் போனதும், அந்தச் சிரிப்புக்குத் தூர தேசத்தில் ஏக கிராக்கியாம். பவுடர் சார் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஆபரேஷன் நடந்தது. புருஷன் பிழைத்தான், ஆனால் பழையபடி எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே அவன் பேச்சை முழுசாகக் கேட்கிற உறுப்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. சுவரைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து நாலடி போவான், அவ்வளவே.

சின்னவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கப் போனாள். அந்தக் கூலி மருந்துக்கே சரி. முதல் தவணை நின்றபோது குந்தாணி தன் கையிலிருந்து போட்டாள். அடுத்ததற்கு எல்லாரும் சேர்ந்து போட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டு. அதற்கும் அடுத்த கூட்டத்தில் முட்டைக்காரி வெடித்தாள்.

"எங்க வாசல்ல மட்டும்தான் பலகை போடுவியாக்கா? உன் தங்கச்சி வாசல்ல என்ன, முள்ளா மொளச்சிருக்கு?"

"அவ புருஷன் படுக்கையில இருக்கான்டி."

"என் பையனுக்குக் காய்ச்சல் வந்து பினாத்தினப்ப நீ குந்தலையா? 'டாக்டருக்கு வச்சிருக்கிறதுல பாதி எடு'ன்னு சொல்லலையா? நான் மறக்கலக்கா."

சோப்புக்காரி சீவலைக் குதப்புகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டு சொன்னாள்: "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறேம்பாங்க. அக்கா தங்கச்சிக்கு மட்டும் ஒரே வயிறு போல."

குந்தாணிக்குச் சுருக்கென்றது. அவளுக்கென்று தெருவில் இருந்த ஒரே சொத்து, ஆள் பார்த்துக் குந்த மாட்டாள் என்ற பேர்தான். அதில் கை வைத்தால் பொறுப்பாளா? மறுநாள் பலகையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

அது ஒற்றை அறை. வாசலைத் தாண்டினால் முற்றம், முற்றத்தின் கோடியில் கழிப்பறை. வேறு வழி கிடையாது. குந்தாணி அந்த ஒற்றை வாசலில் பலகையைப் போட்டாள். சின்னவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அப்படியே தலையில் நின்றது.

"என்னக்கா இது?"

"தவணைடி."

"இல்லேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இல்லாதவங்க வாசல்லதான் குந்த வேண்டியிருக்கு. இருக்கிறவங்க கூப்பிட்டுக் குடுத்துடுவாங்க."

சின்னவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு அக்காவின் முழங்காலைத் தாண்டாமல் சுவரோடு ஒட்டி நெளிந்து வெளியேறி வேலைக்குப் போனாள். குந்தாணி பருப்பைக் கிளறினாள். போகிறவர் வருகிறவர் நின்றார்கள். "என்னம்மா, தங்கச்சி வீட்டுக்கு விருந்தா?" என்றார்கள். "ஆமா, அவ கட்டுற வரைக்கும் விருந்து" என்றாள். குரலில் பிசிறில்லை.

உச்சிவெயிலில் உள்ளே சுவர் தேய்கிற சத்தம் கேட்டது. புருஷன் தேய்த்துக்கொண்டே வாசல்வரை வந்தான். அவள் முதுகைப் பார்த்து நின்றான். முற்றத்துக்குப் போக வேண்டும். அவளைத் தாண்ட வேண்டும், அல்லது அவள் நகர வேண்டும்.

"அக்கா" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கூச்சக்காரன்.

அவளுக்குக் கேட்டது. எதற்கு வந்து நிற்கிறான் என்றும் தெரிந்தது. எதிர்ப்பக்கச் சுவர் நிழலில் முட்டைக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்தால், 'தங்கச்சி புருஷன்னா எழுந்துக்கிறா பாரு' என்பாள். குந்தாணி ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்தாள். முழங்காலை மட்டும் இரண்டு விரற்கடை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த இரண்டு விரற்கடையில் ஒரு பூனை போகும். முதுகு போன ஆம்பளை போக மாட்டான்.

சுவர் தேய்கிற சத்தம் திரும்பிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து வாடை வந்தது. குந்தாணி பருப்பில் குனிந்துகொண்டாள். இடுப்பில் சுமந்த காலத்தில் தங்கை நனைத்த நனைப்பெல்லாம் அவள் மேல் காய்ந்திருக்கிறது, மூக்கைச் சுளித்ததில்லை. அன்றும் சுளிக்கவில்லை. எழவும் இல்லை.

சாயங்காலம் சின்னவள் திரும்பினாள். வாசலிலேயே புரிந்துவிட்டது. உள்ளே போய் அவனைத் துடைத்தாள், பாயைச் சுருட்டினாள், நனைந்த பாயை அக்காவின் தலைக்கு மேலாக முற்றத்தில் எறிந்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். காலியாக இருந்தது. எடுத்து, திரும்ப நிரப்பி, அதே இடத்தில் வைத்தாள்.

"குடிக்கா. நாளைக்கும் வருவல்ல?"

குந்தாணி மறுநாளும் போனாள்.

அடுத்த கூட்டத்துக்குப் பவுடர் சார் கோபமாக வந்தார். இந்தக் குழுவுக்கு இனி யாருக்கும் புதுக் கடன் கிடையாது, பாக்கி தீரும்வரை ஆபீஸ் கதவு சாத்தினது சாத்தினதுதான் என்றார். சோப்புக்காரிக்கு மழைக்கு முன்னால் எண்ணெய் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. முட்டைக்காரிக்குப் பழைய கடன் கழுத்தில் நின்றது. எல்லார் கண்ணும் சின்னவள் மேல் விழுந்தது. அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டைக்காரிதான் அடி எடுத்துக் கொடுத்தாள். "சார், அந்தப் படத்தைக் காட்டுங்க. படத்துல மிஷின் இருக்குல்ல? கடன்ல வாங்கின மிஷின்தானே? அதை வித்தா முடிஞ்சுது."

மிஷின் யாருடையது என்று தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. முட்டைக்காரிக்குத் தெரியும், சோப்புக்காரிக்குத் தெரியும், பவுடர் சாருக்கே தெரியும். ஆனால் போன் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தது. எல்லாரும் புதிதாகப் பார்ப்பவர்கள் போலப் பார்த்தார்கள். சின்னவள் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குந்தாணி சத்தமாகவே சிரித்தாள். "ஏன்டி, வெளையாடறீங்களா? அது என் மிஷின்."

பவுடர் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படியாக்கா? அப்ப கையெழுத்து? 'கடன்ல வாங்கின மிஷின், நான் பார்த்தேன்'னு போட்டிருக்கீங்களே. பொய்யா? பொய்யின்னா குழுவே கலைஞ்சுது. அஞ்சு பேரு கடனும் இன்னிக்கே முழுசாக் கட்டணும்."

குந்தாணி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். வளர்த்தவள் பார்க்கிற பார்வை. சொல்லுடி என்கிற பார்வை.

"நீயே சொல்லும்மா" என்றார் பவுடர் சார். "மிஷின் யாருது?"

சின்னவள் பாய் நாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னுதுதான் சார். எங்க வீட்ல இடம் இல்ல. ஒரே ஒரு வாசல். அதான் அக்கா வீட்ல போட்டு வச்சிருக்கேன்."

"அடிப்பாவி" என்றாள் குந்தாணி. அதற்கு மேல் அவளுக்கும் வாய் வரவில்லை.

பாயை விட்டு முதலில் எழுந்தவள் அவள்தான். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. தன் வீட்டு வாசலுக்குப் போனாள், பலகைகூடப் போடாமல் வெறுந்தரையில் குந்தினாள், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். புருஷனை நிறுத்திய அதே இடம்.

பெண்கள் வந்தார்கள். சின்னவள் வரவில்லை. முட்டைக்காரி கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீ குந்தினா எழுந்திருக்க மாட்ட. எங்களுக்குத் தெரியாதா? நீ இருக்கா. நாங்க தாண்டிக்கிறோம்."

தாண்டினாள். குனிந்து உட்கார்ந்திருக்கும் மனுஷியின் தோளுக்கு மேல் காலைத் தூக்கி வைத்து, உள்ளே இறங்கினாள். பின்னாலேயே சோப்புக்காரி, "வயசானவ, மன்னிச்சுக்கடி" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். மருமகள் அதுவும் சொல்லாமல் தாண்டினாள். குந்தாணி ஒருத்தியின் காலைப் பிடித்தாள். காலுக்குரியவள் உதைக்கவில்லை, உதறினாள். ஈரத் துணியை உதறுகிற மாதிரி.

உள்ளே மிஷின் ஊசிக்குக் கீழே ஒரு தலையணை உறை பாதி தைத்து நின்றது. தலையைக் கழற்றித் தூக்கியபோது உறையும் கூடவே வந்தது. நூல் கண்டு கீழே உருண்டு, அவர்கள் நகர நகர அறை முழுக்க நூலை விட்டுக்கொண்டே வந்தது. குந்தாணியின் தலைக்கு மேல் மிஷின் தலை போயிற்று, அப்புறம் மேசையும் மிதியும் போயின. நூல் மட்டும் அவள் கழுத்தில் சிக்கி நின்றது. மருமகள் குனிந்தாள். அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான்: நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உறையையாவது குடுங்கடி" என்றாள் குந்தாணி. "கடைக்காரர் கேட்பாரு."

உறையை மட்டும் திரும்ப அவள் மடியில் எறிந்தார்கள்.

மிஷினை விலைக்கு எடுத்துக்கொண்டவர் மெத்தைக் கடைக்காரர்தான். நல்ல மிஷின், அவருக்குத் தெரியும். அதில் தைத்த உறைகளைத்தானே இத்தனை வருஷம் விற்றார். சின்னவளின் பாக்கி தீர்ந்தது. ஆபீஸ் கதவு திறந்தது. அடுத்த கூட்டத்தில் பவுடர் சார், தூர தேசத்துக்கு ஆபீஸ் எழுதி அனுப்பியதைச் சந்தோஷமாக வாசித்துக் காட்டினார்: நீங்கள் உதவிய தையற்காரப் பெண்மணி தன் கடனை முழுமையாக அடைத்துவிட்டார், அவர் தொழில் செழிக்கிறது, உங்கள் பணத்தை இப்போது இன்னொரு பெண்ணுக்கு வழங்கலாம். போட்டவர்கள் மனம் குளிர்ந்து, திரும்பி வந்ததை வேறொரு முகத்துக்குப் போட்டார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பார்த்தது படத்தை.

அக்காவும் தங்கையும் அதற்கப்புறம் பேசிக்கொண்டதில்லை. சின்னவளின் புருஷன் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. சாவுக்குக் குந்தாணி போனாள். வாசலில் கூட்டம் விலகி வழி விட்டது. சின்னவள் மட்டும் நிமிர்ந்து, "உள்ள வராத. வாசல்லயே குந்து. உனக்குப் பழக்கம்தானே" என்றாள். குந்தாணி வாசலில் குந்தினாள். அவனைத் தூக்கிக்கொண்டு போகிறபோது, வழிக்காக எழுந்து நின்றாள்.

இப்போது அவள் மெத்தைக் கடையில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில், அதே மிஷினில் நாள் கூலிக்குத் தலையணை உறை தைக்கிறாள்.